மாவுப்பூச்சிக்கு அடித்த மருந்து

என் வீட்டு கிரவுண்ட் ஆர்க்கிட்டுக்கு நான் மருந்து அடிப்பதில்லை. மாவுப்பூச்சி வந்தால் பழைய பனியன் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து இலை இலையாகத் துடைக்கிறேன். இலை நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். பூச்சி அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தொட்டியைத் துடைத்து முடிக்க அரை மணி நேரமாகும். "இதுக்கு எவ்ளோ மருந்து வந்துகீது" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரியாததா? நான் முதன்முதலில் சம்பளம் வாங்கியதே அந்த மருந்து வாசனைக்குள்தான்.

ஆந்திர எல்லையில், குப்பம் டவுன் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட பூக் கம்பெனிகள் வந்த காலம் அது. எங்கள் ஊர் ராமகுப்பத்துக்குப் பக்கத்தில். நான் சின்னவளாக இருந்தபோதே அப்பா, எங்கள் பேச்சில் நைனா, இறந்துவிட்டார். அண்ணன்தான் கூலிக்குப் போனார். பிறகு கைக்கு வந்த கொஞ்சம் நிலத்தில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்து என்னை இன்டர், அதாவது பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் கம்பெனியில் சேர்ந்தேன். ரோஜாவைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. கட்டிய பூ பெங்களூர் போய் விமானம் ஏறிவிடும். நான் குப்பத்தைத் தாண்டியதில்லை, நான் கட்டிய பூ கடல் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

கம்பெனியில் ஒரு ஓரமாகச் சோதனைக்கென்று ஆர்க்கிட் வைத்திருந்தார்கள். மரத்தில் ஒட்டி வளர்கிற ஜாதி இல்லை, மண்ணிலேயே வளர்வது. அது விலை போகவில்லை போலிருக்கிறது. ஒருநாள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் கொட்டச் சொன்னார் சூப்பர்வைசர். அதில் ஒரு தூரைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தேன். வெங்காயம் போல மூன்று கிழங்கு, இரண்டு இலை. அவ்வளவுதான்.

அண்ணி பார்த்துவிட்டு, "இன்னாது இது, பனங்கன்னு மாதிரி கீது. இதையா பஸ்ல தூக்கிக்கினு வந்தே?" என்றாள்.

தொட்டியின் அடியில் உடைந்த ஓட்டுச்சில், அதன்மேல் மணலும் செம்மண்ணும் மக்கிய இலையும். கிழங்கின் பாதி வெளியே தெரிய வேண்டும், முழுக்கப் புதைத்தால் அழுகிவிடும். காலை வெயில் வேண்டும், உச்சி வெயில் கூடாது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் பட்டுப்புழு வளர்க்கிற மனையின் கிழக்குச் சுவர் ஓரம்தான். இலைமேல் காலையில் தண்ணீர் தெளிப்பதற்காகக் குப்பம் கடையில் கையால் அழுத்துகிற சின்ன ஸ்பிரேயர் ஒன்று வாங்கினேன். இரண்டு மாதத்தில் புதுக் குருத்து வந்தது. அதன் பக்கத்தில் பூத்தண்டு எழுந்தது. தண்டோடு மாவுப்பூச்சியும் வந்தது.

நான் பதறிப்போனேன். கம்பெனி மருந்தில் கொஞ்சம் ஒரு சீசாவில் எடுத்து வந்தேன். கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்பதால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஸ்பிரேயரில் ஊற்றி, தண்டையும் இலையையும் நனைத்தேன். பிறகு ஸ்பிரேயரை ஒரே ஒரு தடவை கழுவி வைத்தேன். கம்பெனியில் மருந்துக்குச் சிவப்புப் பட்டை போட்ட ஸ்பிரேயர், தண்ணீருக்கு வெள்ளைப் பட்டை. ஒன்றை எடுக்கும் இடத்தில் இன்னொன்றை எடுத்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் நான்.

அன்று மதியம் நல்ல வெயில். காலையில் பறித்த மல்பெரித் தழையை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தோம். புழுக்கள் நாலாவது தடவையும் தோல் உரித்து முடித்து, பேய்த்தீனி தின்றுகொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்டத் தொடங்கிவிடும். "தழை வாடிப்போவுது, கொஞ்சம் தண்ணி தெளி" என்றார் அண்ணன். கையால் தெளித்தால் ஒரு இடத்தில் சொதசொதவென்று இருக்கும், இன்னொரு இடம் காய்ந்து கிடக்கும். ஸ்பிரேயரால் அடித்தால் பனி விழுந்ததுபோல ஒரே சீராக நனையும். நான் அந்த ஸ்பிரேயரில் தண்ணீர் பிடித்தேன். நல்ல யோசனை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அடித்தேன். அந்தத் தழையைத்தான் எல்லாத் தட்டுப் புழுவுக்கும் போட்டோம்.

பொழுது சாய்வதற்குள் புழுக்கள் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டின. பச்சையாக வாந்தி எடுத்தன. விரல் நீளம் இருந்தவை சுருங்கிப் பாதியாயின. ஒரு தட்டு விடாமல் அப்படித்தான். மறுநாள் காலையில் மனைக்குள் தழை கடிக்கிற சத்தமே இல்லை.

"மருந்து. இது மருந்தேதான்" என்றார் அண்ணன்.

எங்கள் மல்பெரிக்கு அடுத்த நிலத்தில் தக்காளி போட்டிருந்தவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். சொந்தம் கிடையாது, ஆனால் எந்த நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக நிற்பவர். முந்தின நாள் அவர் காய்ப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தார். அண்ணன் தெருவில் நின்று கத்தினார். மாமா நேராக மனைக்குள் வந்து பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து அடிச்சேன்டா. காத்து இந்தப் பக்கமா திரும்பிட்டிருக்கும்" என்றார். தான்தான் கொன்றோம் என்று அவரே நம்பிவிட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாம் நாள், செத்த புழுவைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ஊரே கூடி மாமாவைக் கேட்டுக்கினு கீது. இப்போ போய் என் தங்கச்சிதான்னு சொன்னா என் மூஞ்சி இன்னா ஆவும்? உன்ன எவன் கட்டுவான்?"

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. சொல்லிவிட்டோம், இனி அது அண்ணன் பாடு என்று நினைத்தேன். இன்றைக்கு எனக்கு வெட்கமாக இருப்பது மருந்து அடித்ததற்காக அல்ல, அந்த நிம்மதிக்காக.

ஐந்தாம் நாள் பஞ்சாயத்து. மாமா கைகட்டி நின்று தப்பு தன்னுடையதுதான் என்றார். இனிமேல் அந்த நிலத்தில் மருந்து அடிக்கவே கூடாது என்று தீர்மானமாயிற்று. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் ஆர்க்கிட் பூத்தது. ஊதாப் பூ, தண்டின் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிந்து ஒரு மாதம் போல நின்றது. அண்ணி ஒன்றைக் கிள்ளிச் சாமி படத்துக்கு வைத்தாள். தொட்டியை உடைத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தூக்கினேன், மனசு வரவில்லை.

மருந்தில்லாமல் தக்காளி என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். மாமா இரண்டு போகம் சொன்ன சொல் தவறாமல் இருந்தார். காயெல்லாம் ஓட்டை. மூன்றாம் போகம் அவர் நடவே இல்லை, அத்தையைக் கூட்டிக்கொண்டு பிழைக்கத் திருப்பதி போய்விட்டார். அடுத்த வருஷம் அந்த நிலத்தை அண்ணன் குத்தகைக்கு எடுத்து மல்பெரி நட்டார்.

நானும் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தேன், தொட்டியோடுதான். மாமா இதே ஊரில்தான் எங்கேயோ இருக்கிறார் என்று தெரியும். தேடவில்லை. தேடாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. திருப்பதி வெயிலில் இலை நுனி கருகும், தொட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தூரைப் பிரித்து நட்டேன். தொட்டி நாலானது, ஆறானது. வீடு மாற்றும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வாடகையும் தண்ணீரும் கவலை, எனக்குக் காலை வெயில்.

அப்படி ஒரு தடவை அலிபிரிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் காலி வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம், பால்கனியில் காலை வெயில் விழுமா என்று தெலுங்கில் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரும் பாப்பா" என்று தமிழில் சொன்னார். மாமா.

நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அத்தை தவறிப்போனதைச் சொன்னார். "உங்கண்ணன் நல்லா கீறானா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன்.

"புழு கூடு கட்டப்போற நேரத்துல கெடுத்துட்டேன். இன்னும் அந்தப் பச்சை வாந்தி கண்ணுக்குள்ளயே நிக்குது. ஊருக்குப் போனா நான் மன்னாப்பு கேட்டேன்னு சொல்லு."

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. "நீங்க கெடுக்கல மாமா. நான்தான்" என்றேன். ஸ்பிரேயர், மருந்து, தழை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். ஒரு கார் வந்தது. மாமா போய் கேட்டைத் திறந்து, மூடிவிட்டு வந்தார்.

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. என்னைப் படிக்க வைத்தவர், எனக்கு நைனாவுக்கு நைனாவாக இருந்தவர். ஒரு பொய்யில் அவரைக் காப்பாற்றிவிடலாம்.

"தெரியும்" என்றேன்.

"எப்போலருந்து?"

"மூணாம் நாள்லருந்து. பஞ்சாயத்துக்கு முன்னாலயே."

அவர் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஊரை உட்டுக் கெளம்புன அன்னைக்கு, பஸ் ஏர்றதுக்கு முந்தி உங்க வூட்டுக்கு வந்தேன்" என்றார். "நீ கம்பெனிக்குப் போயிருந்தே. அவன் தழை வெட்டிக்கினு இருந்தான். என் மேல இருக்கற கோவத்தை உட்டுட்றான்னு அவன் கையைப் புடிச்சிக் கேட்டேன். 'உட்டுட்டேன் மாமா, போய்ட்டு வா'ன்னான்."