எதிரணிக்கு நான் எழுதிய பதில்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் சிறுவர் பட்டிமன்றம் உண்டு. பேசுவது பிள்ளைகள், எழுதுவது அம்மாக்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சென்ற ஆண்டுத் தலைப்பு, புவி வெப்பமாவதால் புயல் மழை மோசமாகிறதா இல்லையா என்பது. என் எட்டு வயது மகளுக்கு ‘மோசமாகிறது’ அணி கிடைத்தது.

கடமையாகப் படித்தேன். அவளுடைய நீச்சல் வகுப்பு முடியும்வரை கைப்பேசியில், பிறகு நூலகத்தில். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கனமாகப் பெய்கிறது. அதுவரை தெளிவு. புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்பதில் உறுதியில்லை, ஆலங்கட்டி மழை பற்றி இன்னும் குறைவாகத்தான் தெரியும். இதை அப்படியே எழுதி ஆசிரியைக்கு அனுப்பினேன்.

அவர் கூப்பிட்டார். “நல்லா இருக்குங்க. ஆனா பாதி நீங்களே எதிரணிக்குப் பேசிட்டீங்க. மேடையில சந்தேகம் சொன்னா யாரு கை தட்டுவா?”

சந்தேகங்களை எடுத்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக, நாங்கள் இந்த நாட்டில் குடியேறிய வென்ட்வேர்த்வில் புறநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை வைத்தேன். ஒருநாள் அது கதவைத் தட்டும் என்று எழுதினேன். எதிரணி என்ன சொல்லும் என்று யோசித்து அதற்கும் பதில் எழுதினேன். அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மகள் இரண்டே வாரத்தில் மனப்பாடம் செய்தாள். மூன்றாவது வாரம் ஒரு மாலை மழை தூறியபோது காலணியைக் கழற்ற மாட்டேன் என்றாள்.

“ஓடை வந்தா ஓடணும்ல, மா.”

கணவரிடம் சொன்னேன். “பேச்சுப் போட்டிக்குப் பேய்க்கதை எழுதிக் குடுத்தா இப்படித்தான்” என்று சிரித்தார். “விடு, விழா முடிஞ்சா மறந்துடுவா.”

அவளைப் பட்டிமன்றத்திலிருந்து விலக்கிவிடலாமா என்று யோசித்தேன். அணியில் மூன்றே பேர், மற்ற இருவர் என்ன செய்வார்கள்? விலக்கினால் அவள் பயப்பட்டது சரிதான் என்று ஆகிவிடாதா? விலக்கவில்லை. அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

விழாவில் பிசிறில்லாமல் பேசினாள். நடுவர் கடைசியில், “ஒரு பக்கம் தீர்ப்பு சொன்னா இன்னொரு பக்கத்து அம்மாமார் எனக்குச் சாப்பாடு போட மாட்டாங்க” என்று சொல்லி, இரண்டு அணியும் வென்றதாக அறிவித்தார். அரங்கமே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

காரில் கேட்டாள். “அப்ப எது ரியல், மா?”

“மழை கனமாகுறது உண்மை. மத்ததெல்லாம் உறுதியாத் தெரியல.”

“நீதானே எழுதின?”

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து அவளை அழைத்து வரும்போது, இங்கே ஆலங்கட்டி மழைக்கு முன் ஆவதுபோல் வானம் பச்சையாக மாறியது. வீட்டுக்குள் நுழைந்ததும், ஜன்னல் இல்லாத நடைவழியில் காலணியோடு உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் கொட்டகையின் தகரத்தில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.

“நாம வந்த அஞ்சு வருஷத்துல ஓடை வீட்டுக்கு வந்ததே இல்லடா.”

“இனிமே?”

எதிரணியில் பேசிய சிறுமியின் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளி வாசலில் பார்த்துப் பேசிய பழக்கம்.

“அக்கா, உங்க பொண்ணோட பேச்சை அனுப்ப முடியுமா?”

“இப்பவோ? இங்க ஐஸ் கட்டியாக் கொட்டுது.”

“இவ ரொம்பப் பயந்திருக்கா. படிச்சுக் காட்டலாம்னு.”

“ஓம், அனுப்புறன். ஆனா நானும் நம்பி எழுதேல்லை, பாருங்கோ.”

பேச்சு வந்து சேர்ந்ததும் தகரச் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்திப் படித்தேன். புயல் புதிதா, நடுவர் அவர்களே? நேற்றும் மழை பெய்தது, நேற்றும் வீடுகள் நின்றன. மகள் தலை நிமிர்த்திக் கேட்டாள். பையைப் பிடித்திருந்த கை தளர்ந்ததுபோல் இருந்தது.

பிறகு அந்தக் கையை நான் சொல்லிக்கொடுத்தபடியே நீட்டினாள். “எதிரணித் தோழி நேற்றைய மழையைச் சொல்கிறார். நான் நாளைய மழையைக் கேட்கிறேன், நடுவர் அவர்களே.”

விழாவில் அரங்கம் அதிகம் கை தட்டிய இடம் அதுதான்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். கைப்பேசியில் தள்ளிப் பார்த்தேன். அந்த அம்மாவின் பேச்சு அதோடு முடிந்திருந்தது.

“சொல்லு, மா.”

வாசலில் கிடந்த என் காலணியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.