ஒரு செட்டா, ரெண்டு செட்டா

வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டிபன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மலையேறி வந்த பேருந்தின் குலுக்கலில் என் புதுப் பல் செட் ஈறை அறுத்துவிட்டது. அதைக் கழற்றிக் கைக்குட்டையில் மறைத்து வைத்திருக்கிறேன். கடைக்கார அம்மா வந்து கேட்கிறார்.

“ஒரு செட்டா, ரெண்டு செட்டாங்க?”

கண்டுபிடித்துவிட்டாரே என்று கூசிப்போகிறேன். வாயைப் பொத்திக்கொண்டு, “மேல் வரிசை மட்டும்தாம்மா. இன்னும் சரியா செட் ஆகல,” என்கிறேன்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார். “நான் பூரியக் கேட்டங்க. ரெண்டு பூரி ஒரு செட்டு. பல்லு வலிச்சிக்கினு இருந்தா குருமாவுல ஊற வெச்சித் தரட்டுங்களா?”

‘செட்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று ஆங்கில வகுப்பில் முப்பது வருடம் ஒப்பிக்க வைத்த வாத்தியார் நான். சரியென்று தலையாட்டுகிறேன். ஊறிய பூரி நன்றாகவே இருக்கிறது. வெட்கத்தை விட்டு இன்னொரு செட் கேட்கிறேன்.