வரிசையில் ஒருத்தி

இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்குச் சளைத்ததல்ல அவள் நாக்கு. மேஸ்திரியே இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார்.

அவளுக்கு ஒரே மகள். வயது பத்தொன்பது, புத்தி நான்கு வயதோடு நின்றுவிட்டது. தத்தித் தத்தி நடப்பதால் எல்லோருக்கும் அவள் 'சிட்டு'. குழந்தை பிறந்தபோது, "இதைப் பெத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்ட நாத்தனாரை அன்றே வாசலோடு அனுப்பியவள் தாய். புருஷன் செத்த பிறகும் நாத்தனாருக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

சிட்டுவுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை அப்பம், கொடுக்கவேண்டும் என்று மூன்று வருடமாக மாதா கோயிலுக்கு நடந்தாள். ஒவ்வொரு முறையும் மறைக்கல்வி டீச்சர் ஒரே கேள்வியைக் கேட்பார். "கடவுள் உன்னை எதுக்காகப் படைச்சார்?" சிட்டு டீச்சரின் வளையலைப் பிடித்துப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

நான்காம் வருடமும் டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "கோவிச்சுக்காதீங்கக்கா. பதில் சொல்லத் தெரியாதவளுக்கு எப்படி?"

"நீங்க சொல்லுங்க டீச்சர், கேப்போம்."

டீச்சர் மடமடவென்று சொன்னார். "அவரை அறியணும், நேசிக்கணும், அவருக்கு ஊழியம் செய்யணும், முடிவில் அவரோட என்னென்னைக்கும் சந்தோஷமா இருக்கணும்."

"சரி. இதுல ஒப்பிக்கணும்னு எங்க இருக்கு?"

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. நேராகப் போய்ப் பங்குச்சாமியாரை அழைத்து வந்தார். அவர் இளையவர், பொறுமைக்காரர்.

"அம்மா, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். அதான் விஷயம்."

"வீட்டுல பிஸ்கட்டைப் பார்த்தா என் கையிலிருந்தே பிடுங்கிடுவா ஃபாதர். பூசையில நீங்க அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது ஒரு நாளாவது அவ சத்தம் கேட்டிருக்கீங்களா? யார் சொல்லிக் குடுத்தது? நான் இல்ல."

சாமியார் யோசித்தார். கேட்டதில்லைதான்.

"சரிம்மா, குடுத்துடலாம். வார நாள்ல, கூட்டமில்லாதப்போ சும்மா ரெண்டு பேர் மட்டும் வாங்க."

வேறொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவள் இடுப்பில் கை வைத்தாள்.

"எதுக்கு ஒளிச்சு? இவளைக் கடவுள் ஒளிச்சு வச்சா படைச்சாரு? ஞாயித்துக்கிழமை, மத்தப் பிள்ளைங்களோட, அதே வரிசையில. இல்லன்னா அடுத்த வருஷமும் வருவேன். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

சாமியார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரைப் பார்த்தார். "சரி, வரிசையிலேயே" என்றார் சாமியார்.

அந்த ஞாயிறு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒற்றைப் பனைமரம்போல நின்றாள் சிட்டு. வெள்ளைக் கவுன் தாய் தைத்தது. மடிப்பில் கை வைத்தால் வெட்டும், அப்படி ஒரு இஸ்திரி. முறை வந்தது. அப்பம் நாவில் பட்டதும் கண்ணை மூடி, அப்படியே நின்றாள். பின்னால் இருந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு கண்ணைத் திறந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "இன்னும்!" என்றாள்.

பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் 'உஷ்' என்றார்கள். தாய் மட்டும் மகள் வாயைப் பொத்தவில்லை. தலை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். 'உஷ்' அடங்கியது.

டீச்சர் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அதற்காக அவள் வருந்தவுமில்லை. மறுநாள் திங்கட்கிழமையே, சலவைக்கூடத்தில் வழக்கம்போல விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன.