ஒரு போர்வெல், நாலு போன்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள்: கரண்ட் பேனல் பார்க்கும் பஷீர் பாய். பொன்மலையிலிருந்து வரும் அந்தோணி, பைப் கழற்றுபவன். கயிறு விட்டுத் தண்ணீர் மட்டம் பார்க்கும் செல்வம். பைப்பைத் தூக்கும் செயின் பிளாக் சங்கிலியை இழுக்கும் நான், கருப்பையா. ஆஸ்பத்திரி மேனேஜர் மேடம். அப்புறம் எங்கள் நாலு பேருடைய போன். அவற்றையும் சேர்க்க வேண்டும். அன்று அதிகம் பேசியது அவைதான்.

எங்கள் கடை ஸ்ரீரங்கத்தில். போர் மோட்டார் ஏற்றி இறக்குவது தொழில். தில்லை நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் காலை பத்து மணிக்குப் போனோம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை.

"ரெண்டு மணிக்கு டயாலிசிஸ் இருக்குங்க. மணப்பாறையிலேருந்தெல்லாம் பஸ் ஏறிட்டாங்க. டேங்க் காலி. லாரித் தண்ணி சாயங்காலந்தான் வருமாம்," என்றார் மேடம்.

போருக்குள் பதினாலு பைப். அத்தனையும் ஏற்றி இறக்கினால் பொழுது சாய்ந்துவிடும். கோளாறு எங்கே என்று முதலில் தெரிய வேண்டும்.

முன்பெல்லாம் சங்கிலியைத் தொடுவதற்கு முன் நாலு பேரும் போரைச் சுற்றி நின்று, அவரவர் பார்த்ததைச் சொல்வோம். போனில் ஏ.ஐ. வந்ததும் அது நின்றுபோனது. ஆளுக்கொரு மூலை. நானும்தான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வாயால் சொன்னால் போதும் என்று செல்வம் என் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். அது என்னைத் 'தாங்கள்' என்றது. வீட்டில்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிடித்துவிட்டது.

"போரை இன்னும் ஆழமாப் போடணுமாம்," என்றேன்.

"உங்க போன் தெருவையே தோண்டச் சொல்லும்ண்ணே. நூத்திநாப்பது அடியிலயே தண்ணி நிக்குது. மோட்டார்தான் போச்சாம்," என்றான் செல்வம்.

"மோட்டார் போனா கரண்ட் இழுக்குற ஆம்ப்ஸ் எப்படிப்பா சரியாக் காட்டும்? பம்பு உள்ள தேஞ்சுருச்சாம்," என்றார் பாய்.

அந்தோணி போர் வாயில் காதை வைத்திருந்தான். "தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது. நடுவுல ஊத்து தொறந்திருக்காம்."

மேடம் கையைக் கட்டிக்கொண்டார். "நாலு பேர் வந்து நாலு வியாதி சொல்றீங்க. எங்க டாக்டருங்ககூட இப்படிப் பண்றதில்ல. ஒரு போனை நடுவுல வைங்க. எல்லாரும் அதுலயே சொல்லுங்க."

மணி பதினொன்று. செல்வத்தின் போனை நடுவில் வைத்தோம். ஆம்ப்ஸ் சரி, பாய் சொன்னார். தண்ணீர் நூற்றி நாற்பதில், செல்வம். கொட்டும் சத்தம் அதற்கும் மேலே, அந்தோணி. வெளியே ஒரு சொட்டு இல்லை, நான்.

போன் யோசித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பைப்ல ஓட்டை," என்றான் அந்தோணி.

மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது. அது பாதி வழியில் ஓட்டை வழியாக உள்ளேயே கொட்டுகிறது. கொஞ்சம் கழித்துப் போனும் அதையே சொன்னது, எட்டு வரியில். எட்டாவது வரி: பைப்பைத் தொடுமுன் மெயினை அணைத்துவிட்டீர்களா?

எல்லாரும் பாயைப் பார்த்தோம். பாய் மெயினை அணைக்கப் பேனலுக்கு நடந்தார்.

"வரும்போது போனுக்கும் ஒரு டீ சொல்லிட்டு வாங்க பாய்," என்றான் செல்வம்.

மேலிருந்து ஐந்தாவது பைப்பில் இணைப்பு மரை ஓரம் துருப்பிடித்து விரல் நுழையும் ஓட்டை. அதற்குக் கீழே இருந்த ஒன்பதையும் கழற்றவில்லை. மாற்றி இறக்கினோம். ஒன்றேகாலுக்குத் தண்ணீர் வந்தது.

இப்போது சைட்டில் ஒரு போன்தான். முதலில் நாலு பேரும் சொல்ல வேண்டும். பிறகு அதைக் கேட்போம். நமக்குத் தெரியாததையும் சொல்லும், மறந்ததையும் சொல்லும். நாம் சொல்லாமல் விட்டது மட்டும் அதற்குத் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அன்று ரெண்டு மணிக்கு டயாலிசிஸில் உட்கார்ந்தவர்கள் ஏழு பேர்.