அப்பாவும் மகனும் ஒரே கோட்டில்

இந்த நாட்டில் தினமும் காலையில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் நான் வீ. முருகேசன். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் வீரணன் என் குடும்பப் பெயராகிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் "குட் மார்னிங், மிஸ்டர் வீரணன்" என்பார்கள். எங்கள் ஊர் எழுமலையில் அப்பா முன்னால் யாரும் அந்தப் பெயரை இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை; அம்மா இன்றுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வந்த புதிதில், அவர் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரம் இது. ரிப்போர்ட் மென்பொருளில் வரைபடம் போடுவது என் வேலை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த அளவுகளை ஆளுக்கொரு கோடாகத் திரையில் காட்டுவேன். கோடு இறங்கினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், ஏறினால் குறைப்பார். தப்பாகக் கூட்டினால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து உயிரே போய்விடும். கிளினிக் பட்டியலில் இருந்த நோயாளி எண் லேப் பட்டியலில் இல்லை. ஆகவே பெயர், குடும்பப் பெயர், முகவரி என்ற மூன்று நெடுவரிசைகளையும் ஒட்டி ஒன்றாக்கி, அதையே ஒவ்வொரு கோட்டுக்கும் அடையாளமாக வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று மனதுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுக்கொண்டேன்.

அது மதுரை காளவாசலில் பழகிய வித்தை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், கண் முகாமுக்கு வந்தவர்களின் பட்டியலை நானும் துளசிராமும் அடித்துக்கொண்டிருந்தோம். அவன் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன், என்னிடம் அச்சு அசல் மதுரைக்காரன். பட்டியலைத் திறந்தால் கருப்பன்களும் மாயன்களும் வரிசை கட்டி நிற்பார்கள்.

"பேரு, அப்பா பேரு, ஊரு, மூணையும் சேத்துரு மாப்ள. ஆளு மாறவே மாறாது" என்றான்.

"ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே பேரு இருந்தா?"

"அண்ணன் தம்பின்னா பெரிய கருப்பன், சின்னக் கருப்பன்னு வச்சிருப்பாய்ங்க. தன் பேரையே மகனுக்கு எந்தக் கிறுக்கன்டா வைப்பான்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஹெலன் போன் செய்தார். ராபர்ட் ஹார்ட்லியின் கோடு திடீரென்று இறங்கியிருக்கிறதே, சரிதானா என்று கேட்டார். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் புள்ளியை அழுத்திப் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு பரிசோதனைகள். ஒன்றில் அளவு மிக அதிகம், இன்னொன்றில் மிகக் குறைவு. மென்பொருள் கடைசியாக வந்த குறைந்த அளவை மட்டும் புள்ளியாக வைத்திருந்தது.

"இவருக்கு ஒரே நாளில் இரண்டு தடவை ரத்தம் எடுத்தீர்களா?"

"இல்லையே. ஒன்று அப்பாவுடையது, ஒன்று மகனுடையது. இந்த வாரத்திலிருந்து மகனும் இங்கேதான் வருகிறார்."

"அப்பா பெயர்?"

"ராபர்ட்."

"மகன் பெயர்?"

"ராபர்ட்."

"இல்லை, நான் மகன் பெயரைக் கேட்டேன்."

"அதைத்தான் சொன்னேன்."

மாத்திரை யாருக்கு என்றேன். அப்பாவுக்கு. பரிசோதனையில் அளவு மிக அதிகமாக இருந்ததும் அவருக்குத்தான். ஹெலன் போனை வைக்காமலே ஓடினார். மேசையில் கிடந்த அந்த போன் வழியாக நாற்காலி இழுபடுவதும் கதவு அடித்துக்கொள்வதும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழவரைக் கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன். ஹெலன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னார்: பெரியவர் மருந்து கவுன்டரில் நின்றிருக்கிறார், சீட்டு இன்னும் கையில்தான் இருந்தது.

"அப்பனும் மகனும் ஒரே பெயரில் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?" என்று மேலதிகாரி கேட்டார். எங்கள் ஊரில் தாத்தா பெயர்தான் பேரனுக்குப் போகும், அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும் என்றேன். தலையாட்டினார்; புரிந்ததா தெரியவில்லை. பிறந்த தேதியை நான்காவது நெடுவரிசையாகச் சேர்த்ததும் ஹார்ட்லியின் கோடு இரண்டாகப் பிரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு மகன் பிறந்தான். முறைப்படி அப்பாவின் பெயரையே வைத்தோம். சோழவந்தான்காரியான என் மனைவி மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். பிள்ளையை 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். பதிவு முடிந்ததும் ஊருக்குப் போன் போட்டேன்.

"இனிஷியல் என்னடா போட்ட?" என்றார் அப்பா.

"இங்க இனிஷியல் கெடையாதுப்பா. குடும்பப் பேருதான். அதுலயும் வீரணன்னுதான் எழுதியிருக்கு."

சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"முன்னாடியும் எம் பேரு, பின்னாடியும் எம் பேரு. அப்ப உம் பேரு எங்கடா?"

இரண்டு மாதம் கழித்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட அழைத்துப் போயிருந்தோம். நர்ஸ் திரையைப் பார்த்து "வீரணன்" என்று கூப்பிட்டார். அந்தப் பெயருக்கு உரிய ஒருவர் எழுமலையில் இருந்தார், இன்னொருவர் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து நின்று "எஸ்" என்றேன்.