புரொபஷனல் சில்வெஸ்ரர்

புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சன் ஊரில் சில்வெஸ்ரரை ஓய்வுபெற்ற கணக்காளராகத்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அவர் புரொபஷனல் டென்னிஸ் ஆட்டக்காரர் என்பது மனைவி விக்ரோறியாவுக்கும் மகன் அன்றூவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

ஐம்பதுகளில் கொழும்பில் தேயிலை வியாபாரி ஒருவர் ‘ஈஸ்டர்ன் புரொபஷனல்’ என்று ஒரு போட்டி நடத்தினார். காசுக்கு ஆடுபவர்களைப் பெரிய போட்டிகளில் சேர்க்காத காலம் அது. பட்டம் வென்றவர்கள்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆடிப் பிழைத்தார்கள். கொழும்புக்கும் சிலர் வந்தார்கள். இரண்டாம் வருடம் அவர்களில் ஒருவருக்கு வயிற்றோட்டம். டிக்கெட் விற்றாயிற்று, ஆட ஆளில்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த யாழ்ப்பாணத்துச் சில்வெஸ்ரரைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். படுதோல்விதான். ஆனால் தோற்றவருக்கும் காசு கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்பினால் கிளப்பில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். காசு வாங்கியவர், காசில்லாமல் ஆடும் அமச்சூர்களோடு ஆட முடியாதாம். அடுத்த வருடப் போட்டியை மழை கெடுத்தது. வியாபாரியும் கையை விரித்தார். அத்தோடு அந்தப் போட்டி செத்தது.

பிறகு காசுக்கு ஆடுபவரும் எல்லோரோடும் ஆடலாம் என்று சட்டமே மாறிப்போனது. கிளப்பிலிருந்து யாரும் வந்து கூப்பிடவில்லை. அவரும் மட்டையைத் தொடவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டில் வேலையை விட்டபின் அவர் ஜன்னலோரக் கதிரையே கதியென்று இருந்தார். பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. விக்ரோறியாவுக்கு அதுதான் பயம். தேவாலயத்து ஆட்கள் சனிக்கிழமைகளில் டென்னிஸ் ஆடுகிறார்கள், போய்வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள்.

“நான் புரொபஷனல், விக்ரோறியா. அவையளோட ஆடக்கூடாது.”

“டாட், ஒரே ஒரு மாட்ச். அதுவும் லாஸ்,” என்றான் அன்றூ.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சில்வெஸ்ரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். இவ்வளவு காலமும் அவர் பகிடிக்குச் சொல்கிறார் என்றே விக்ரோறியா நினைத்திருந்தாள். ஒரு வாசலில் துரத்தப்பட்டவர் இன்னொரு வாசலில் போய் நிற்கக் கூசுகிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

அந்த வாரமே பழைய சாமான் கடையில் இரண்டு மட்டைகள் வாங்கிவந்தாள்.

“இஞ்சருங்கோ, புரொபஷனல் ஆக்கள் காசுக்குச் சொல்லிக் குடுக்கலாமோ?”

“ஓம். அதுதானே அவையின்ர பிழைப்பு.”

“அப்ப எனக்குச் சொல்லித் தாங்கோ. என்ன எடுப்பியள்?”

“இந்த வயசிலயோ?”

“காசு குடுக்கிறவளிட்ட வயசு கேக்கிறதோ?”

அவர் மட்டையை வாங்கி நரம்பைத் தட்டிப் பார்த்தார். “உமக்கெண்டால் ரெண்டு மடங்கு. வேலை கூடுதல்.”

“நான் சமைச்சுப் போட்டதில கழிச்சுக்கொள்ளுங்கோ.”

சனிக்கிழமை வெறும் மைதானமாகப் பார்த்துப் போனார்கள். அவள் அடித்த பந்தெல்லாம் வலையில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் வலையைச் சுற்றி வந்து அவள் மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். “பந்தைப் பாரும், என்ர முகத்தை இல்லை.” வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு கதைத்து அவள் கேட்கவில்லை. ஒரு பந்து எப்படியோ வலையைத் தாண்டியது. அவர் எட்டி அதைத் திருப்பி அடித்தார். அது கோட்டில் பட்டுப் போனது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாற கிழமைக்கு வேற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும்,” என்றார், மூச்சு வாங்க. “இது வழுக்கும்.”