கார்ப் புத்தகத்தில் இல்லாத கதிரை

என்னவர் கண்ணை மூடின பிறகு எங்கள் கார் மாமரத்துக்குக் கீழே அப்படியே நின்றது. வாழைச்சேனையில் அவர் ஆட்களை ஏற்றி ஹயர் ஓடிய கார். மேலெல்லாம் சருகு. காகம் எச்சம் போட்டு வைத்திருந்தது. நான் யன்னலால் பார்ப்பேன், துடைக்கப் போகமாட்டேன்.

ஆனால் எனக்கு அந்தக் கார் ஓட வேண்டியிருந்தது. கதிரவெளியில் என் அக்கா படுக்கையில் கிடக்கிறா. செத்தவீட்டுக்கு அவவால் வர முடியவில்லை. காதும் கேட்காது, அதனால் போனிலும் கதைக்க ஏலாது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, கட்டிப்பிடித்து அழுதால்தான் ஒரு சாவு முடியும். நான் என் அக்காவோடு இன்னும் அழவில்லை.

"வேன் பிடிச்சுப் போங்கம்மா" என்றாள் லண்டனில் இருக்கிற மகள். அவளுக்கு என்ன தெரியும்? பாரிசவாதம் வந்து என் இடது கால் இழுத்துவிட்டது. வேனில் ஏற்றுவதென்றால் இரண்டு ஆம்பிளைகள் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேணும். ஆட்களுக்கு முன்னால் சோறு தின்னவே வெட்கப்படுகிறவள் நான். எப்படிப் போவேன்?

எங்கள் காரில் அந்தத் தொல்லை இல்லை. கால் இழுத்த பிறகு அவர் ஓட்டமாவடியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, அவரிடம் போய், முன் சீற்றைக் கழற்றிவிட்டுக் கிறுகுகிற கதிரை ஒன்றைப் பூட்டுவித்தார். கதவைத் திறந்து கீழே உள்ள கம்பியைத் தட்டினால் கதிரை வெளியே திரும்பும். நான் குந்துவேன். அவர் என் காலைத் தூக்கி உள்ளே விட்டு, கதிரையை ஒரு தள்ளுத் தள்ளிக் கிறுக்குவார். மறுகா கதவைச் சாத்திவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் போவார்.

கார் அவர் பெயரில் இருந்தது. இறந்த ஆளின் பெயரில் காருக்கு வருச லைசன் எடுக்க ஏலாது, என் பெயருக்கு மாற்ற வேணும் என்றார்கள் வாகனம் பதிகிற கந்தோரில். அதற்கு முன்னால், கார்ப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற கார் இதுதானா என்று பரிசோதகர் பார்க்க வேணுமாம். நானாவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு.

"எதத் தங்கச்சி பாக்கப் போறாங்க? எஞ்சின் வேன்ட எஞ்சின். கதவு ரெண்டும் ஏறாவூர்ல உடைச்ச கார்ட கதவு. மச்சான்ட காரெண்டு மிச்சம் கிடக்கிறது ஹோர்ன் மட்டுந்தான்."

பரிசோதனைக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு வரலாம் என்று ஒரு துண்டு தந்தார்கள். அன்று காலையில் நானாவின் மகள் வந்து, என் காலைத் தூக்கி வைத்து, கதிரையைக் கிறுக்கிவிட்டுப் போனாள். நானா ஓட்டினார். சித்தாண்டிக் கோயிலடி வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். என்னவர் அந்த இடத்தில் குறைப்பது அவருக்குத் தெரியும். நான் கும்பிட்டேன்.

மட்டக்களப்புக் கந்தோர் முற்றத்தில் எங்களுக்கு முன்னால் லொறியும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினும் நின்றன. பரிசோதகர் சின்ன வயது, நல்ல மனுசன். காரின் அடிச்சட்டத்தில் செசி நம்பர் வெட்டியிருந்த இடத்தில் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்தும் இலக்கமும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. புத்தகத்தோடு சரியாக இருந்தது. எஞ்சின் நம்பர் வேறு. ஆனால் வேன் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டை என்னவர் பத்திரமாக வைத்திருந்தார். "இதத் திருத்தலாம்" என்றார் பரிசோதகர். அதற்குப் பிறகு என் கதிரையைப் பார்த்தார்.

"இது புத்தகத்தில இல்லயே. கழட்டிட்டுப் பழைய சீற்றப் போட்டுக் கொண்டுவாங்க."

"கழட்டலாம் சேர்" என்றார் நானா. "உரிமைக்காரியும் வரோணும் எண்டு சொல்றீங்க. கதிரையக் கழட்டினா இவவ எதில கொண்டுவாற? மீன் பெட்டியிலயா?"

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பரிசோதகருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கதிரையை இரண்டு கையாலும் பிடித்து உலுப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"அம்மா, நீங்க தனிய ஏறி இறங்குவீங்களா? அப்படியெண்டா டொக்டர்ட கடிதத்தோட மாற்றமெண்டு பதியக் கேக்கலாம். ஏறிக் காட்டுங்க."

இறங்குவது லேசு. இறங்கினேன். பிறகு, அத்தனை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, முதுகைக் காட்டி மெல்லக் கதிரையில் குந்தினேன். குந்தியபடி இருந்தேன். நானா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், அவர் என்னைத் தொடமாட்டார்.

"என்னம்மா?" என்றார் பரிசோதகர்.

எனக்கும் என்னவென்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. என் காலைத் தூக்க ஆள் வருமென்று காத்துக்கொண்டு இருக்கிறேன். செத்தவீடு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் எல்லாம் முடிந்தும், அந்த முற்றத்தில் வெயிலுக்குள் குந்தியிருந்தபோதுதான் அவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சீலையோடு சேர்த்துக் காலை இரண்டு கையாலும் பிடித்து, அரிசிப் பையைத் தூக்குகிறமாதிரித் தூக்கி உள்ளே வைத்தேன். பரிசோதகர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னொருக்கால் பல்லைக் கடித்துத் தள்ளினேன். கிறீச்சென்று கதிரை கிறுகி, கம்பி தன்பாட்டில் விழுந்து பூட்டிக்கொண்டது.

"சரி" என்றார் அவர். எழுதினார்.

டொக்டரின் கடிதம், கதிரைக்கு நானாவிடம் புதுப் பெல்ட், திரும்ப ஒருமுறை கந்தோர் என்று நாள் இழுபட்டுத்தான் புத்தகம் கைக்கு வந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். கதிரையும் அதில் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். முந்திய உரிமையாளர் என்று அவர் பெயர். அந்தச் சொல்லைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே கதிரவெளிக்குப் போனோம். யன்னலடியில் அக்காவின் கட்டில். கார் வந்து நின்றதும் அவ என்னைப் பார்க்கவில்லை, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத்தான் பார்த்தா. நானா இறங்கினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினா.

நான் கதிரையைக் கிறுக்கி, காலைத் தூக்கி மணலில் வைத்தேன். எழும்ப நேரமெடுத்தது. அதற்குள் அக்கா அழத் தொடங்கிவிட்டா.

"கெதியா வாகா, கெதியா வா" என்று அவசரப்படுத்தி, யன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டினா.

வாறன் என்று சொன்னேன். அவவுக்குக் கேட்டிராது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.